ரிவர்ஸ் கியர் போட்ட சத்தம்

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வாசலில் நிற்கிற டிரையம்ப் டிஆர்6 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் கொஞ்சம் பின்னால் எடுத்து நிறுத்தலாம் என்று ஏறினேன். குளிர்காலத்தில் இங்கே இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் சாலைக்கெல்லாம் உப்பு போடுவார்கள். ஐம்பது வயது இரும்பை உப்புக்குள் ஓட்ட மனசு வராது. அதனால் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு, மூடி வைப்பதோடு சரி. அப்பா தாம்பரத்திலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து சீட்டில் வைத்தேன். கிளட்ச்சைத் தரை வரைக்கும் மிதித்து, ரிவர்ஸ் கியரைத் தள்ளினேன்.

பல்லோடு பல் உரசுகிற சத்தம். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"என்னடா அது? கிளட்ச் கட் ஆகலையா?" என்றார் அப்பா.

அப்பா மெக்கானிக் இல்லை. ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்தது. பழைய வண்டியாக வாங்கி, பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தார். அந்த வண்டி எப்போதெல்லாம் எந்தச் சத்தம் போடும் என்பது அவருக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஜிஎஸ்டி ரோட்டில் எங்கள் வீட்டிலிருந்து தெற்கே போனால் பெருங்களத்தூர், வண்டலூர். அந்தப் பக்கம்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஹெரால்டு அங்கே தயாரானது. நாலு கதவு வைத்த ஹெரால்டு உலகத்திலேயே அங்கே மட்டும்தான் செய்யப்பட்டது. இந்த டிஆர்6-க்கும் அந்த ஹெரால்டுக்கும் ஒரே தாய்வீடு: கொவென்ட்ரியில், இப்போது நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து மூன்று மைலுக்குள் இருக்கும் கான்லி. 1959-இல் ஹெரால்டு அங்கேதான் பிறந்தது. என் டிஆர்6-உம் அங்கே அசெம்பிள் ஆனதுதான். 1980-இல் அங்கே கார் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் அலுவலகக் கட்டடங்களும் கிடங்குகளும் இருக்கின்றன. ஒரு சாலைக்கு மட்டும் ஹெரால்டு அவென்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்துதான் போகிறேன். ஒவ்வொரு தடவையும் அப்பா ஞாபகம் வரும்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1968 கடைசியிலிருந்து 1976 வரை 90,000-க்கும் மேற்பட்ட டிஆர்6 கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஆறு சிலிண்டர், 2498 சிசி. உடம்பின் நடுப்பகுதி இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்தது. முன்னாலும் பின்னாலும் ஜெர்மனியின் கார்மன் நிறுவனம் வெட்டித் திருத்தி நேர்க்கோடாக்கியது. இங்கிலாந்தில் விற்ற வண்டிகளுக்கு லூக்காஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், அமெரிக்காவுக்குப் போனவற்றுக்கு இரண்டு ஸ்ட்ரோம்பெர்க் கார்பரேட்டர். என்னுடையது 1973-இல் செய்தது. கலிஃபோர்னியா வெயிலில் முப்பது வருஷம் ஓடிவிட்டுத் திரும்பி வந்தது. அந்த வெயில்தான் அதைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றியது.

சரி, கிளட்ச்சுக்கு வருவோம்.

டிஆர்6 கியர்பாக்ஸில் முன்னோக்கிப் போகும் நாலு கியருக்கும் சிங்க்ரோமெஷ் உண்டு, பல்லோடு பல் சேருவதற்கு முன்னால் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தும் ஏற்பாடு அது. ரிவர்ஸுக்குக் கிடையாது. கிளட்ச் முழுசாகக் கட் ஆகாமல், அதாவது எஞ்சினைக் கியரிலிருந்து பிரிக்காமல், பிளேட் லேசாக ஒட்டிக்கொண்டு சுற்றினால், முன் கியர்களில் சிங்க்ரோ அதைச் சமாளித்துவிடும். ரிவர்ஸ்தான் முதலில் கத்தும். கிளட்ச்சை மிதித்துவிட்டு ஐந்து வினாடி காத்திருந்து போட்டாலும் கத்தினால், பிரச்சினை கியரில் இல்லை, கிளட்ச்சில். அப்பா காதால் கண்டுபிடித்தது அதைத்தான்.

என் காலுக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. போன கோடையிலிருந்தே பெடல் தரைக்குப் பக்கத்தில் வந்தபிறகுதான் வண்டி விடுபட்டது. முன்பெல்லாம் பாதி வழியிலேயே விடுபடும். மெதுவாக நடந்த மாற்றம் என்பதால் காலும் மெதுவாகப் பழகிக்கொண்டது. நானும் அதைப் பொருட்படுத்தவில்லை.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன்: எண்ணெய்ப் பக்கத்தைச் சந்தேகப்பட்டேன். இந்த வண்டியில் கிளட்ச் பெடலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் கேபிள் கிடையாது, ஹைட்ராலிக்தான். பெடல் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். எண்ணெய் குழாய் வழியாகப் போய் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால், மிதிக்கிற மிதியெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும். இரண்டு சனிக்கிழமை காற்று எடுத்தேன். பிறகு மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே ரப்பர் வாஷர் உப்பி, எண்ணெய் கறுப்புக் காப்பி மாதிரி இருந்தது. ரப்பர் எல்லாம் மாற்றினேன், ஸ்லேவ் சிலிண்டரைப் புதிதாகவே வாங்கிப் போட்டேன். பெடல் கல் மாதிரி உறுதியாக ஆனது. ரிவர்ஸ் மட்டும் முன்பு போலவே கத்தியது.

அப்போதுதான் அண்ணையைக் கூப்பிட்டேன்.

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். சுன்னாகத்தில் மாமாவின் கராஜில் தொழில் பழகியவர். இங்கே வந்து பஸ் டிப்போவில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். எனக்குச் சொந்தமில்லை. கோயில் திருவிழாவில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, காரைப் பற்றிப் பேச ஆரம்பித்து, இலை எடுத்தபிறகும் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஊர் வழக்கப்படி நானும் அவரை அண்ணை என்றே கூப்பிடுகிறேன். அவர் பழகியதெல்லாம் ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராமல் தடுக்கப்பட்டிருந்தபோது, அந்த வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் பண்ண மட்டும் கார்பரேட்டரில் நாலு சொட்டுப் பெட்ரோல், எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய். பாகம் கிடைக்காத ஊரில் பத்து வருஷம் வண்டிகளை உயிரோடு வைத்திருந்த கை அவருடையது. அந்தக் கைமேல் எனக்கு இருக்கும் மரியாதையை எழுத்தில் சரியாகச் சொல்ல முடியாது.

வந்தவர் டீயைக்கூட வாங்கவில்லை. ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றியிருந்த வண்டிக்கு அடியில் போனார். இரும்பு ஸ்கேல் ஒன்றையும் சாக்பீஸ் துண்டையும் கேட்டார்.

"தம்பி, பெடலை மிதியும். முழுக்க மிதியும். ஓம், அப்பிடியே பிடிச்சிரும்."

ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து வெளியே வரும் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார். 14 மில்லிமீட்டர். இன்னொரு முறை, அதே 14.

"எண்ணெய்ப் பக்கத்தில ஒரு பிழையும் இல்லை தம்பி. நீர் மிதிக்கிறது முழுக்க இஞ்சை வந்து சேருது. பிழை உள்ளுக்கதான் கிடக்குது."

இரண்டு நிமிஷ வேலை. நான் மூன்று வாரம் எண்ணெயோடு போராடிக்கொண்டிருந்தேன். ஹைட்ராலிக் கிளட்ச்சில் பிரச்சினை என்று வந்தால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் இந்த அளவை எடுத்துவிட வேண்டும் என்று, டிஆர்6 வைத்திருக்கும் எல்லாரிடமும் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். அரை அங்குலத்துக்கு மேல் கம்பி நகர்ந்தும் கிளட்ச் கட் ஆகவில்லை என்றால் மாஸ்டரையும் ஸ்லேவையும் விட்டுவிடலாம்.

அடியில் படுத்தபடியே இன்னொன்றையும் காட்டினார். ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி ஒரு லீவரைத் தள்ளுகிறது. அந்த லீவரில் வரிசையாக மூன்று ஓட்டை உண்டு. கம்பியை நடு ஓட்டையில்தான் மாட்ட வேண்டும். என் வண்டியில் மேல் ஓட்டையில் மாட்டியிருந்தது. லீவர் உட்கார்ந்திருக்கும் ஷாஃப்ட்டுக்கு, அதாவது தண்டுக்கு, நெருக்கமான ஓட்டை அது. அங்கே மாட்டினால் அதே தள்ளலுக்கு ஷாஃப்ட் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும், பெடல் கனக்கும். எனக்கு முன்னால் யாரோ இதே கோளாறைச் சந்தித்து, உள்ளே பார்க்காமல், ஓட்டையை மாற்றி மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் பளுவும் சேர்ந்துதான் உள்ளே இருந்ததைப் பாதித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் இதை வைத்துத்தான். எஞ்சினின் பின்முனையில் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம். அதன்மேல் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட். பிரஷர் பிளேட்டின் நடுவில் பூவிதழ் மாதிரி விரிந்த எஃகு விரல்கள். டயஃப்ரம் ஸ்பிரிங் என்பது அதுதான். டிஆர்6-க்கு முந்தைய மாடலான டிஆர்4 வரைக்கும் சுருள் ஸ்பிரிங் கிளட்ச் போட்டார்கள். 1965-இல் டிஆர்4ஏ வந்தபோது இந்த எட்டரை அங்குல டயஃப்ரம் கிளட்ச்சுக்கு மாறினார்கள். அந்த விரல்களை நடுவில் அழுத்தினால் பிளேட் விடுபடும். அழுத்துவது ரிலீஸ் பேரிங். பேரிங்கைத் தள்ளுவது கவட்டை மாதிரி இரண்டு கால் வைத்த ஒரு ஃபோர்க். அந்த ஃபோர்க், கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டுக்குள் குறுக்கே போகும் ஒரு ஷாஃப்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட்டின் வெளிமுனையில்தான் நான் சொன்ன லீவர்.

ஷாஃப்ட்டையும் ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு டேப்பர் பின். சதுரத் தலை, அதற்குக் கீழே மரை, அதற்குக் கீழே கூம்பாகச் சிறுத்துப் போகும் உடம்பு. சுண்டுவிரல் அளவுகூட இல்லை. மரை ஃபோர்க்கில் ஏறும், கூம்பு ஷாஃப்ட்டின் ஓட்டைக்குள் போய் இறுகும். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் மொத்த பலமும் அந்தப் பின் வழியாகத்தான் பேரிங்குக்குப் போகிறது. டிஆர் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பலவீனம் இது. எனக்கும் கேள்விப்பட்ட அளவில் தெரியும். நம் வண்டியில் அப்படி இருக்காது என்று ஒரு நினைப்பு.

மார்ச் மாதம், இரண்டாவது சனிக்கிழமை இறக்கினோம்.

டிஆர்6-இல் கிளட்ச் பார்க்க எஞ்சினைத் தூக்க வேண்டியதில்லை. கியர்பாக்ஸை வண்டிக்குள் இருந்தே, அதாவது நாம் உட்கார்ந்து ஓட்டுகிற இடத்தின் வழியாகவே, வெளியே எடுக்கலாம். அதே காலத்து எம்ஜிபி கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, அவர்கள் எஞ்சினைத் தூக்கியாக வேண்டும். இரண்டு சீட்டும் வெளியே வந்தன. கார்ப்பெட், டேஷ்போர்டைத் தாங்கும் இரும்புச் சட்டம், கியர்பாக்ஸை மூடியிருக்கும் டனல் எல்லாம் வந்தன. பிந்தைய டிஆர்6-களில் அந்த டனல் அழுத்திச் செய்த அட்டைதான். ஈரம் பட்டுப் பட்டு அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. அதை எடுத்ததும் கியர்பாக்ஸ் முழுசாகக் கண்முன்னால்.

அப்பாவின் ஹெரால்டிலும் இதே முறைதான். எனக்கு எட்டு வயசு இருக்கும். வேப்பமரத்தடியில் ஹெரால்டு நின்றது. அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும், முதலை வாயைப் பிளந்த மாதிரி. ஆனால் மெக்கானிக் அந்தப் பக்கமே போகவில்லை. சீட்டு இல்லாத காருக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கியர்பாக்ஸை மடியில் இழுத்துப் போட்டு, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கதவு வழியாக இறங்கினார். கைலியெல்லாம் ஆயில். காருக்கு உள்ளிருந்து ஒரு இயந்திரத்தை எடுக்க முடியும் என்பது அந்த வயசில் பெரிய அதிசயமாக இருந்தது.

டிஆர்6-உடையதை அப்படி மடியில் போட முடியாது. பின்னால் மாட்டியிருக்கும் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் அமைப்போடு சேர்ந்து கனம் அதிகம். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நாலு போல்ட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிள், ஓவர்டிரைவ் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்தோம். பெல் ஹவுசிங் நட்டெல்லாம் எடுத்தபிறகு இரண்டு பேரும் உள்ளே இறங்கினோம். நேராகப் பின்னால் இழுக்க வேண்டும், தொங்கவிடக் கூடாது. கியர்பாக்ஸின் கனம் அதன் முன் ஷாஃப்ட் மேல் விழுந்தால் கிளட்ச் பிளேட்டின் நடு வளைந்துவிடும்.

"மெல்ல, மெல்ல. உம்மட பக்கம் கொஞ்சம் தூக்கும். ஓம், வருது."

பலகை மேல் சறுக்கி, கதவு வழியாக வந்தது.

அண்ணை ஃபோர்க்கைக் கையால் பிடித்துக்கொண்டு, வெளியே இருக்கும் லீவரை நான் ஆட்டச் சொன்னார். லீவர் நகர்ந்தது, ஷாஃப்ட் திரும்பியது, ஃபோர்க் அப்படியே இருந்தது. ஒரு விரற்கடை அளவு லீவர் போனபிறகுதான் ஃபோர்க் 'டக்' என்று அசைந்தது. என் மிதியெல்லாம் தொலைந்த இடம் அதுதான்.

பின்னின் சதுரத் தலையில் லாக் வயர் கட்டியிருந்தது. வயரை வெட்டி, ஸ்பானர் போட்டேன். கஷ்டமே இல்லாமல் சுழன்று வந்தது. கையில் வந்தது தலையும் மரையும் மட்டும். மரை முடிந்து கூம்பு தொடங்குகிற இடத்தில் துண்டாகியிருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முறிவின் முகத்தில் இரண்டு நிறம் இருந்தது. பாதிக்கு மேல் பழுப்பு ஏறி, தேய்ந்து, கூழாங்கல் மாதிரி வழவழப்பாக இருந்தது. மிச்சம் சாம்பல் நிறத்தில், சர்க்கரை உடைந்த மாதிரி பொறுக்குப் பொறுக்காக. ஒரே நாளில் முறிந்ததில்லை. ஓர் ஓரத்தில் கீறல் விழுந்து, வருஷக்கணக்கில் மிதிக்கு மிதி உள்ளே நகர்ந்து, மிச்சமிருந்த கொஞ்சமும் ஒருநாள் விட்டிருக்கிறது. விட்டபிறகும், உடைந்த முனைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு ஃபோர்க்கைத் தள்ளியபடியே இருந்திருக்கின்றன. அதனால்தான் வண்டி நடுரோட்டில் நிற்காமல் வீடு வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தத் துண்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அதன்மேல் ஒரு பாசம் வருகிறது. உடைந்தபிறகும் இத்தனை நாள் வேலை செய்திருக்கிறது.

கூம்புத் துண்டு ஷாஃப்ட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அது வெளியே வராமல் ஷாஃப்ட் வராது, ஷாஃப்ட் வராமல் ஃபோர்க் வராது. ஃபோர்க்கின் எதிர்ப்பக்கத்தில் சிறிதாக ஓட்டை போட்டு, அதன் வழியாக பஞ்ச் வைத்துத் தட்டினோம். அண்ணை தட்டும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஓங்கி அடிப்பதே இல்லை. ஒரே சீராக, கதவு தட்டுகிற மாதிரி, தட்டிக்கொண்டே இருந்தார். இருபது தட்டு, முப்பது தட்டு. பிறகு சத்தம் மாறியது. "விட்டுட்டுது" என்றார். அடுத்த தட்டில் வெளியே விழுந்தது.

ஷாஃப்ட்டின் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தது. உடைந்த பின் உள்ளே ஆடி ஆடி அரைத்த வேலை. புதுப் பின் வாங்கி அதே ஓட்டையில் போட்டால் வண்டி ஓடும், ஆனால் கூம்பு சுற்றிலும் சரியாக உட்காராது. கூம்பு உட்கார்ந்தால்தான் பலம் உடம்பில் பரவும். உட்காராவிட்டால் எல்லாம் மரை முடியும் அந்தக் கழுத்தில் வந்து நிற்கும், முன்பு முறிந்த அதே இடத்தில். அதனால் ஷாஃப்ட், ஃபோர்க், பின் மூன்றையும் புதிதாக வாங்கினேன். ஷாஃப்ட் சுழலும் வெண்கல வளையங்களான புஷ்களும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன, அதையும் மாற்றியாயிற்று. ஷாஃப்ட்டின் முனைகளில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. கடைசியாக எப்போது கிரீஸ் கண்டதோ, உள்ளே இருந்தது காய்ந்து மெழுகாகியிருந்தது. தேய்ந்த புஷ்ஷில் ஷாஃப்ட் சாய்ந்து நிற்கும், சாய்ந்த ஷாஃப்ட் பின்னை முறுக்கும். ஒரு கிரீஸ் கன் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதில் இவ்வளவும் வந்திருக்கிறது.

புதுப் பின் இரண்டு வாங்கியிருந்தேன். அது நல்லதாகப் போயிற்று. நீலச் சாயத்தைக் கூம்பின்மேல் மெல்லிசாகத் தடவி, ஷாஃப்ட்டில் இறுக்கி, திரும்பக் கழற்றிப் பார்த்தோம். எங்கே தொடுகிறதோ அங்கே சாயம் நீங்கியிருக்கும். முதல் பின்னில் மேலே ஒரு வளையம் மட்டும் நீங்கியிருந்தது, மீதியெல்லாம் நீலமாகவே இருந்தது. அதாவது உடம்பு தொடவே இல்லை. இரண்டாவது பின்னில் முக்கால்வாசி நீங்கியிருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரே பை, ஒரே விலை. சாயம் தடவிப் பார்க்காமல் முதலாவதைப் போட்டிருந்தால் மூன்று வருஷத்தில் மறுபடி சீட்டைக் கழற்ற வேண்டியிருந்திருக்கும்.

அதோடு விடவில்லை. டிஆர் வண்டிக்காரர்கள் பலர் செய்துகொள்ளும் ஏற்பாட்டையும் செய்தோம். ஃபோர்க்கிலும் ஷாஃப்ட்டிலும் சேர்த்து, பின்னுக்குக் கொஞ்சம் தள்ளி, கால் அங்குலத்தில் குறுக்கே இன்னொரு ஓட்டை போட்டு, உயர்தர எஃகு போல்ட்டு ஒன்றை ஊடுருவ விட்டு, கழலாத நட்டு போட்டோம். டேப்பர் பின் என்றைக்காவது முறிந்தாலும் இது பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலை செய்யாததை நாம் செய்யலாமா என்று பழைய வண்டிக்காரர்களுக்குள் ஒரு விவாதம் எப்போதும் உண்டு. பெயின்ட் நிறத்திலும் சீட்டுத் துணியிலும் நான் தொழிற்சாலை கட்சிதான். இந்த ஓட்டை விஷயத்தில் அண்ணை கட்சி.

கிளட்ச் பிளேட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் பாதி உயிர் இருந்தது. ஆனால் இவ்வளவு தூரம் இறங்கியபிறகு பழையதைத் திரும்பப் போடுவது சரியில்லை என்று பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினோம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பெல் ஹவுசிங்குக்குள் படிந்திருக்கும் அந்தக் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. நாங்கள் முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிட்டோம். பிரிட்டனில் 1999-இல் ஆஸ்பெஸ்டாஸை முழுவதுமாகத் தடை செய்தார்கள். வண்டி அதற்கு முந்தியது, உள்ளே என்ன போட்டிருப்பார்கள் என்று எதை நம்புவது? அண்ணையோடு சுன்னாகத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வாயால் ஊதித்தான் துடைப்பார்களாம். அதைச் சொன்னபிறகு கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில், கியர்பாக்ஸின் மூக்கு போய் உட்காரும் இடத்தில், விரல் நுழையும் அளவில் ஒரு வெண்கலப் புஷ் உண்டு. அதையும் மாற்றினோம். எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வெண்கலம் அது. முந்தின நாள் ராத்திரியே எஞ்சின் ஆயிலில் ஊறப்போட்டிருந்தேன், பருப்பு ஊறப்போடுகிற மாதிரி ஒரு சின்னக் கிண்ணத்தில். காலையில் எடுத்தபோது நிறம் கருத்திருந்தது. இரண்டு விரலால் அழுத்தினால் மேலே ஆயில் பூத்தது. இனிமேல் யாரும் அதற்கு எண்ணெய் விட முடியாது. உள்ளே போட்டதோடு, அடுத்து யாராவது கியர்பாக்ஸ் இறக்கும்வரை அதே எண்ணெயில்தான் அது சுழல வேண்டும்.

திரும்ப ஏற்றுவதில்தான் அரை நாள் போனது. கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட், பிளேட்டின் நடுப்பல் வழியாக நுழைந்து, அந்தப் புஷ்ஷுக்குள் போக வேண்டும். வந்தது, வந்தது, கடைசி அரை அங்குலத்தில் நின்றுவிட்டது. பெல் ஹவுசிங் ஸ்டட்டெல்லாம் வெளியே தெரிகிறது, நட்டுப் போட்டு இறுக்கினால் இழுத்துக்கொண்டு போய்விடும் போல இருந்தது. நான் ஸ்பானரை எடுத்துவிட்டேன்.

"நட்டால இழுக்காதையும் தம்பி. தானா வராததை இழுத்தால் ஏதோ உடையப் போகுது. டாப் கியரில போடும். பின்னால உந்தப் பிளேட்டை மெல்லத் திருப்பும்."

நாலாவது கியரில் போட்டு, கியர்பாக்ஸின் பின்முனையைக் கையால் திருப்பினேன். அங்கே திருப்பினால் முன் ஷாஃப்ட்டும் கூடவே திரும்பும். கால்வாசிச் சுற்றுக்கூட ஆகவில்லை, பல் பல்லோடு சேர்ந்தது. அரை அங்குலமும் 'சப்' என்று தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. நட்டுகளை விரலாலேயே கடைசி வரை ஏற்ற முடிந்தது.

ஸ்லேவ் சிலிண்டரை மாட்டும்போது காற்று எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். காற்று மேலேதான் ஏறும், நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை சனிக்கிழமை உட்கார்ந்தாலும் வராது. கம்பியை நடு ஓட்டையில் மாட்டினேன். புது எண்ணெய் ஊற்றி, ஒரே தடவையில் காற்று எடுத்தாயிற்று. அட்டை டனலுக்குப் பதில் ஃபைபரில் செய்தது ஒன்று கிடைத்தது, அதைப் போட்டு மூடினோம். மூடுவதற்கு முன்னால் அண்ணை குனிந்து கடைசியாக ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தார். எதையும் தொடவில்லை, சும்மா பார்த்தார். பிறகுதான் டீ கேட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாலையில் உப்பெல்லாம் மழையில் கழுவிப் போயிருந்தது. அப்பாவுக்குப் போன் போட்டு, முன்பு வைத்த அதே இடத்தில், பக்கத்து சீட்டில் வைத்தேன்.

"அப்பா, கேட்டுக்கிட்டே இருங்க."

பெடலை மிதித்தேன். பாதி வழியிலேயே காலுக்கு அது தெரிந்தது: எதிர்ப்பு ஏறி, ஓர் இடத்தில் மெத்தென்று தணிந்தது. உள்ளே எஃகு விரல்கள் அமுங்கி, பிளேட் விடுபட்டுவிட்டது. மூன்று எண்ணிவிட்டு ரிவர்ஸைத் தள்ளினேன். காலைத் தளர்த்தினேன். வண்டி பின்னால் நகர்ந்து, சரளைக் கல்லில் சக்கரம் ஏறியது.

"எப்படா போடப் போறே?" என்றார் அப்பா. "ஒண்ணும் கேக்கலியே."